பாஸ்டன் சாபமும் பந்தாட்ட நியாயமும்

விஞ்ஞானத்தில் தலைசிறந்தது என்று உலகம் புகழும் அமெரிக்க நாட்டில், சாபத்தை நம்பிய கூட்டம் ஒன்று நெடுங்காலம் இருந்தது என்றால் நேயர்கள் வியப்படைதல் கூடும். அவர்கள் எழுத்தறியாதாரும் அல்லர். பாஸ்டன் நகரத்துக் கல்லூரிகளில் பயின்றோரும், பெரும் பத்திரிகைகளில் எழுதுவோரும் அவருள் இருந்தனர். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் தங்கள் நகரத்துக் குழுவாகிய ரெட் சாக்ஸ், 1918-ஆம் ஆண்டு வென்ற பின் 86 ஆண்டுகள் உலகப் பட்டத்தைக் காணாது வாடியதற்குக் காரணம், பேப் ரூத் என்னும் வீரரை விற்றதனால் நேர்ந்த சாபமே என்று பேசினர், எழுதினர், அச்சிட்டு விற்கவும் செய்தனர். மணமாகாத பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் கற்பிப்போரை இடித்துரைக்கும் நம் பத்திரிகையில், இவ்வாட்டத்தை நெடுநாள் நேசித்து வருபவன் என்ற முறையில், அச்சாபக் கதையைச் சற்று உரசிப் பார்க்க விரும்புகிறேன். அக்கதையின் நிழலில் ஓர் அநீதி பல்லாண்டு வசதியாக ஒளிந்திருந்தது.

கிரிக்கெட்டை அறிந்த நம்மவர்க்கு இவ்வாட்டம் முற்றும் புதிதாகத் தோன்றாது. பக்கத்திற்கு ஒன்பதின்மர், ஒன்பது இன்னிங்ஸ், ஒருவர் பந்தெறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் கிரிக்கெட்டில் களத்தினுள் நிற்கும் காப்டனுக்குள்ள அதிகாரம், இங்கே பெஞ்சியில் அமர்ந்திருக்கும் மானேஜர் என்பாரிடம் உள்ளது. யார் பந்தெறிவது, களைத்தவரை எப்போது மாற்றுவது என்பனவெல்லாம் அவர் சொற்படியே நடக்கும். இரண்டு லீக்குகள் உள்ளன. வசந்த காலம் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். முன்னர் ஆண்டுக்கு 154 ஆட்டங்கள் இருந்தன. 1960-களின் தொடக்கம் முதல் 162. அத்தனை ஆட்டங்களின் முடிவில் ஒவ்வொரு லீக்கிலும் முதலில் நின்ற குழு, மற்ற லீக்கின் முதற் குழுவோடு நேரே உலகத் தொடரில் மோதும். 1968 வரை இதுவே முறை. இடையே வேறு சுற்று எதுவும் இல்லை.

இனிச் சாபக் கதைக்கு வருவோம். 1919 டிசம்பரில் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் குழுவிற்கு விற்க ஒப்புக்கொண்டவர் பாஸ்டன் குழுவின் அந்நாளைய உரிமையாளரும் நாடகத் தயாரிப்பாளருமாகிய ஹாரி பிரேஸி. விலை 100,000 டாலர். அதனோடு பாஸ்டன் ஆட்ட அரங்கின்மேல் 300,000 டாலர் கடன் ஏற்பாடும் உண்டு. ரூத் மட்டுமா போனார்? வெயிட் ஹாய்ட், ஹெர்ப் பெனாக் முதலிய பந்தெறிவோரும் அடுத்த சில ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக அதே யாங்கீஸ் குழுவை அடைந்தனர். விளைவு, 1922 முதல் 1932 வரையுள்ள பதினோர் ஆண்டுகளில் ஒன்பது முறை பாஸ்டன் குழு லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. வீட்டுத் தூண்களை விற்றவன் கூரை விழுந்தது கண்டு கிரகத்தை நோவதில் பொருளுண்டோ?

அன்றியும், அந்தப் பதினோர் ஆண்டுத் துயரத்தின்போது சாபம் என்ற பேச்சு ஊரில் வழங்கியதாகத் தெரியவில்லை. அச்சொல் நாடெங்கும் பரவியது, 1990-இல் பாஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர் அதையே தலைப்பாக்கி ஒரு நூல் வெளியிட்ட பிறகே. எழுபதாண்டு கழித்துப் பிறந்த சாபம்! நம் ஊர்ச் சோதிடரும் நடந்து முடிந்ததற்குத்தானே மிகத் துல்லியமாகப் பலன் கூறுவர்.

சாபவாதிகள் காட்டும் பெரிய சான்று ஒன்றுண்டு. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை எட்டியது. நான்கிலும் ஏழாம் ஆட்டம் வரை சென்று தோற்றது. நான்கு முறையும் கடைசி நாளில் கைநழுவினால் அதற்குத் தெய்வக் குற்றமன்றி வேறென்ன காரணம் என்று கேட்பர். ஒரு காசை நான்கு முறை சுண்டிப் பாருங்கள். நான்கும் பூவாகவே விழுவது பதினாறில் ஒரு முறை நேரும். ஒருவன் பள்ளிப் பிள்ளைகள் பதினாறு பேரிடம் காசைக் கொடுத்தால் அவர்களுள் ஒருவனுக்கு அப்படி விழுவதில் வியப்பில்லை. அப்பையனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவாரும் உளரோ?

ஆனால் உலகத் தொடர்த் தோல்விகளைக் காட்டிலும் ஆராயத்தக்கது 1948-ஆம் ஆண்டு. பாஸ்டன் அன்பர்கள் இன்றும் பெருமூச்செறியும் ஆண்டு அது. அக்குழுவின் மானேஜராக அவ்வாண்டு வந்தவர் ஜோ மெக்கார்த்தி. யாங்கீஸ் குழுவை நடத்தி ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். ஆண்டின் 154 ஆட்டங்கள் முடிந்தபோது பாஸ்டனும் கிளீவ்லண்டும் சமமாக நின்றன. ஆகவே அக்டோபர் 4-ஆம் நாள் பாஸ்டனில் ஒரே ஓர் ஆட்டம் வைத்து முடிவு கட்டினர். அவ்வாண்டு 15 ஆட்டங்கள் வென்ற இளைஞர் மெல் பார்னல் பந்தெறிவார் என்று யாவரும் எதிர்பார்க்க, மெக்கார்த்தி வயதில் மூத்த டென்னி கேல்ஹவுஸை அனுப்பினார். கிளீவ்லண்டின் லூ பூட்ரோ, தாமே மானேஜராகவும் தாமே ஆட்டக்காரராகவும் நின்று, இரண்டு ஹோம் ரன் அடித்தார். 8-க்கு 3 என்ற கணக்கில் பாஸ்டன் வீழ்ந்தது. அன்று முதல் "கேல்ஹவுஸை ஏன் அனுப்பினார்?" என்பதே அவ்வாண்டைப் பற்றிய ஒரே கேள்வியாக நின்றுவிட்டது. நியூயார்க்கில் ஏழு பட்டம் வென்ற அறிவு பாஸ்டனுக்கு வரும் வழியில் இரயிலிலே தொலைந்து போயிற்றா என்று ஒருவரும் கேட்டிலர்.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தக் கிளீவ்லண்டுக் குழுவில் யார் யார் இருந்தனர்? லாரி டோபி இருந்தார். 1947 ஜூலையில் அமெரிக்கன் லீக்கில் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட கறுப்பர் அவர். 1948-இல் அவருடைய மட்டைச் சராசரி .301. சாட்செல் பெய்ஜ் இருந்தார். நீக்ரோ லீக்குகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பந்தெறிந்து, தம் இளமையை முழுவதும் பெரிய லீக்கின் வாசலுக்கு வெளியே கழித்தவர். 42-ஆம் பிறந்த நாளன்று ஒப்பந்தம் பெற்று, பாதி ஆண்டே ஆடி, 6 ஆட்டம் வென்று 1 மட்டும் தோற்றார். பாஸ்டன் பட்டத்தை இழந்தது எத்தனை ஆட்டத்தில்? ஒன்றே ஒன்றில். 154 ஆட்டங்கள் ஆடிய பின் ஓர் ஆட்டம் குறைந்ததற்குக் கேல்ஹவுஸின் கையை நோவார், டோபியின் மட்டையையும் பெய்ஜின் ஆறு வெற்றிகளையும் எண்ணிப் பார்க்க ஏனோ மறந்தனர்.

டோபியையும் பெய்ஜையும் ஒத்த ஆட்டக்காரர் பாஸ்டனுக்குக் கிடைக்கவில்லையா? கிடைத்தனர், வீட்டு வாசலுக்கே வந்தனர். 1945 ஏப்ரல் 16-ஆம் நாள், நகர மன்ற உறுப்பினர் இஸடோர் மச்னிக் என்பவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திற்கான அனுமதியைத் தடுப்பேன் என்று நெருக்கியதன் பேரில், ரெட் சாக்ஸ் நிர்வாகம் மூன்று கறுப்பர்களைத் தன் அரங்கில் ஆடவிட்டுப் பார்த்தது. ஜாக்கி ராபின்ஸன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்போர் அம்மூவர். ஆடி முடித்தனர், வீடு சென்றனர், அழைப்பு வரவில்லை. இரண்டாண்டு கழித்து புரூக்ளின் குழுவில் சேர்ந்த ராபின்ஸன் 1947-இன் சிறந்த புதுமுகமாகவும் 1949-இல் தம் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜெத்ரோ 1950-இல் சிறந்த புதுமுகமானார். அதுவும் அதே பாஸ்டன் நகரத்தின் மற்றொரு குழுவாகிய பிரேவ்ஸில்! பர்மிங்ஹாம் நகரில் ரெட் சாக்ஸின் கிளைக் குழு ஆடிய அதே அரங்கில் ஆடிக்கொண்டிருந்த வில்லி மேய்ஸ் என்னும் இளைஞரையும் அந்நிர்வாகத்தார் ஆளனுப்பிப் பார்த்து வேண்டா என்றனர். அவர் 1950-இல் நியூயார்க் ஜயண்ட்ஸில் ஒப்பந்தமாகிப் பின்னர் 660 ஹோம் ரன் அடித்தார். இடப்புறம் டெட் வில்லியம்ஸ், நடுவில் வில்லி மேய்ஸ் என்று ஒரு குழு நின்றிருக்கக் கூடியதை எண்ணுந்தோறும், வேறு ஊர்க் குழுக்களை நேசிக்கும் எனக்கே மனம் பதைக்கிறது.

கறுப்பர் ஆடலாகாது என்று தாளில் எழுதிய சட்டம் பெரிய லீக்குகளில் இருந்ததில்லை. கண்ணியவான்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று அதற்குப் பெயர். பலகை எழுதி வைக்காமலே, கோயில் வாசலில் யார் நிற்க வேண்டும், யார் நுழையலாம் என்பதை ஊரார் அறிந்திருந்த கொடுமையை நாம் அறிவோம். ராபின்ஸன் நுழைந்த பின்னும் பாஸ்டன் பன்னிரண்டு ஆண்டு கதவடைத்துக் கிடந்தது. 1959 ஜூலை 21-இல் பம்ப்ஸி கிரீன் களம் இறங்கியபோது, பதினாறு குழுக்களுள் கடைசியாகத் திறந்த கதவு அதுவே. பனிச்சறுக்கு ஹாக்கியிலுங்கூட அந்நகரத்துக் குழு 1958 தொடக்கத்திலேயே வில்லி ஓரி என்னும் கறுப்பரை ஆட விட்டது.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். அதனை மறைப்பது நேர்மையன்று. யாங்கீஸ் குழுவும் 1955-இல் எல்ஸ்டன் ஹவர்டு வரும்வரை கறுப்பர் எவரையும் சேர்க்கவில்லை. ஆயினும் 1949 முதல் 1953 வரை ஐந்து பட்டங்களைத் தொடர்ந்து வென்றதே என்பர். மெய்தான். அநீதி செய்தவன் அன்றே தோற்றாக வேண்டும் என்று நான் கூறினேனில்லை. அப்படிக் கூறுவதும் ஒருவகைச் சாப நம்பிக்கையே ஆகும். யாங்கீஸிடம் மிகுதியான ஆட்டக்காரரும், அவர்களைத் தேடி வளர்க்கும் ஏற்பாடும் இருந்தன. ஒரு கதவை அடைத்தும் வேறு வழிகளால் வெல்ல முடிந்தது. பாஸ்டனின் நிலை அதுவன்று. 1948-இல் ஓர் ஆட்டம், 1949-இல் மறுபடியும் ஓர் ஆட்டம், 1950-இல் நான்கு ஆட்டம் என்று நூலிழையில் தவறிய குழுவிற்கு, இன்னும் ஓர் ஆட்டக்காரர் என்பது எள்ளளவுப் பொருளன்று.

இதில் மிகுதியும் வருந்தத்தக்கவர் டெட் வில்லியம்ஸ். 1941-இல் .406 என்ற சராசரி எட்டியவர். அதன்பின் இன்றளவும் மேற்சொன்ன இரண்டு லீக்குகளிலும் ஓராண்டு முழுதும் ஆடி .400 கண்டவர் ஒருவரும் இலர். உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணிபுரிந்து ஏறத்தாழ ஐந்தாண்டு ஆட்டத்தை இழந்தும் 521 ஹோம் ரன் அடித்தார். அவருக்குக் கிடைத்த உலகத் தொடர் ஒன்றே, 1946-இல். அதில் 25 வாய்ப்புகளில் 5 அடியே விழுந்தது. இதைக் கொண்டு, நெருக்கடியில் கை நடுங்குபவர் என்று எழுதிய பேனாக்கள் பல. பத்தொன்பது பருவங்களின் கணக்கை ஏழு நாளைக் கொண்டு அழிப்பது என்ன விமரிசனம்? பட்டம் வெல்லாதவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர் என்ற கொள்கை இன்றும் எங்கும் செல்வாக்குடன் உலவுகிறது. சிகாகோவின் எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடித்து, 2,528 ஆட்டங்கள் ஆடியும் ஓர் இறுதிச் சுற்றையும் கண்டாரில்லை. அவரும் சிறியவரோ? (அக்குழுவிற்கு ஆட்டின் சாபம் என்று வேறொரு கதை உண்டு. ஆட்டையும் பேயையும் ஒரே கட்டுரையில் மேய்க்க எனக்குப் பொறுமையில்லை.)

வில்லியம்ஸ் 1966-இல் புகழ் மண்டபத்தில் ஏற்கப்பட்ட நாளில் செய்த காரியத்தை, அவர் அடித்த எந்த ஹோம் ரன்னுக்கும் மேலாக நான் மதிக்கிறேன். தம்மைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில், வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரே காரணத்தால் வெளியே நிற்கும் சாட்செல் பெய்ஜுக்கும் ஜாஷ் கிப்ஸனுக்கும் அம்மண்டபத்தில் இடம் வேண்டும் என்று கேட்டார். கதவடைத்த குழுவின் சட்டையை வாழ்நாளெல்லாம் அணிந்தவர் வாயிலிருந்து அது வந்தது. பெய்ஜ் 1971-இலும் கிப்ஸன் 1972-இலும் ஏற்கப்பட்டனர். ராபின்ஸன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன், 1947 ஜனவரியில், கிப்ஸன் 35 வயதில் இறந்துவிட்டார். 2024-இல் நீக்ரோ லீக் கணக்குகளைப் பெரிய லீக் ஏட்டில் சேர்த்தபோது, டை காப் நெடுங்காலம் வகித்த வாழ்நாள் சராசரி முதலிடம் .372 என்ற எண்ணோடு கிப்ஸனுக்கு வந்தது. ஏடு திருந்திற்று, ஆளுக்குத் தெரியாது.

நிற்க. மானேஜர்களைப் பற்றி மேலும் சிறிது கூற வேண்டும். 2003 அக்டோபரில் லீக் இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், 5-க்கு 2 என்று முந்தி நின்ற பாஸ்டனின் மானேஜர் கிரேடி லிட்டில், களைத்த பெட்ரோ மார்ட்டினெஸை எட்டாம் இன்னிங்ஸில் மாற்றாது விட்டார். யாங்கீஸ் சமன் செய்தது. பதினோராம் இன்னிங்ஸில் வென்றது. அவ்வாண்டு 95 ஆட்டம் வென்று தந்த லிட்டில் பதவியிழந்தார். 2020 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் தம்பா பே மானேஜர் கெவின் காஷ், ஒன்பது பேரை வீழ்த்தி 73 பந்தே எறிந்திருந்த பிளேக் ஸ்னெல்லை மாற்றினார். முன்னணி போயிற்று; பட்டமும் போயிற்று; அவரையும் ஏசினர். மாற்றாதவன் மூடன், மாற்றியவனும் மூடன்! லிட்டில் செய்தது தவறு என்பதே என் அபிப்பிராயம். மார்ட்டினெஸ் களைத்ததை ஊரே கண்டது. காஷ் செய்ததற்கோ அன்றைய கணக்கில் காரணம் இருந்தது. ஆனால் கணக்கேடு ஸ்னெல்லின் அன்றைய கையைக் கண்டதில்லை. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராயாமல், முடிவைப் பார்த்துக் காரணத்தை ஏசுவது ராசி பார்ப்பதற்கு ஒப்பாகும்.

அந்த ராசிப் பேச்சு எவரையேனும் மிகுதியாக வருத்தியது என்றால் அவர் டஸ்டி பேக்கர். 1974-இல் ஹாங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் அடித்து ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, அடுத்து ஆடக் காத்து நின்ற இளைஞர் அவரே. கறுப்பர் ஒருவர் பெரிய லீக்கில் மானேஜராவதற்கு 1975-இல் பிராங்க் ராபின்ஸன் வரும்வரை, ஜாக்கி ராபின்ஸனுக்குப் பின் 28 ஆண்டு ஆயிற்று. ஓடவும் அடிக்கவும் விட்டவர்கள், சிந்திக்கும் நாற்காலியில் அமரவிட அத்தனை காலம் தயங்கினர். 1993-இல் அந்நாற்காலிக்கு வந்த பேக்கர், ஐந்து வெவ்வேறு குழுக்களைப் பிரிவு முதலிடத்திற்குக் கொண்டு சென்றார். வேறெவரும் அதற்குமுன் செய்யாதது அது. ஆயினும் பட்டம் வெல்லும் ராசி அவருக்கில்லை என்றே எழுதினர். வாஷிங்டன் குழு அவர் கையில் 2016-இல் 95, 2017-இல் 97 ஆட்டம் வென்றது. இரு முறையும் ஐந்தாட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில் தோற்றதற்காக அவரை அனுப்பிவிட்டனர். 2022 நவம்பர் 5-ஆம் நாள், 73 வயதில், ஹூஸ்டன் குழுவுடன் அவர் உலகப் பட்டம் வென்றார். நவம்பர் 4-ஆம் நாள் இல்லாத எந்த அறிவு மறுநாள் அவர் தலையில் புகுந்தது என்பதை அந்த எழுத்தாளர்கள் விளக்கினால் நலமாயிருக்கும்.

இறுதிச் சுற்றுகளின் கணக்கு எளிது. பத்து ஆட்டத்தில் ஆறு வெல்லும் திறமுள்ள குழுவும், ஏழாட்டத் தொடரை நூற்றில் 71 முறையே வெல்லும். மீதி 29 முறை தாழ்ந்த குழுவே கிண்ணம் தூக்கும். 1968 வரை இச்சோதனை ஒரு முறை மட்டும், 1969-இல் இரண்டாயிற்று, 1995-இல் மூன்றாயிற்று. 2022 முதல் 30 குழுக்களுள் 12 குழுக்கள் நுழைகின்றன. ஆகவேதான் 2001-இல் 116 ஆட்டம் வென்ற சியாட்டில் உலகத் தொடரையே காணவில்லை. 2006-இல் 83 மட்டும் வென்ற செயின்ட் லூயிஸ் பட்டம் பெற்றது. 2023-இல் 100 வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸை, 84 வென்ற அரிசோனா ஓர் ஆட்டமும் தராது வெளியேற்றியது. நுழைவுச் சீட்டு விற்பனையும் ஒளிபரப்புக் கட்டணமும் கருதிச் சுற்றுகளைப் பெருக்குகின்றனர். அக்டோபரில் வென்றவனுக்கு மாலையிடுவதை நான் மறுக்கவில்லை. ஆறு மாதம் முதலில் நின்றவனுக்குக் கொடுக்கும் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைந்து, இப்போது பத்திரிகையில் ஒரு பத்தியாய்ச் சுருங்கியதையே கண்டிக்கிறேன்.

பாஸ்டன் சாபம் நீங்கிய கதையும் இங்கேதான் உள்ளது. 2004-இல் அவர்கள் பிரிவில் யாங்கீஸ் 101 ஆட்டம் வென்று முதலில் நின்றது, பாஸ்டனுக்கு 98. 1968-க்கு முந்திய விதியானால் பாஸ்டன் அன்றே வீடு திரும்பியிருக்கும். இரண்டாம் இடத்தாருக்கும் வாசல் திறந்த 1995-ஆம் ஆண்டு விதியே அவர்களை உள்ளே விட்டது. லீக் இறுதியில் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, நான்காம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டம் பின்தங்கி நின்றபோது, டேவ் ராபர்ட்ஸ் என்பார் முதல் தளத்திலிருந்து பந்தெறிவோரை ஏமாற்றி இரண்டாம் தளத்திற்கு ஓடினார். மயிரிழையில் தப்பினார், அடுத்த அடியில் சமன். பன்னிரண்டாம் இன்னிங்ஸில் டேவிட் ஆர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். அதன்பின் அவ்வாண்டு பாஸ்டன் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. உலகத் தொடரின் சிறந்த வீரர் மானி ராமிரெஸ். பந்தெறிவோருள் தலைநின்றவருள் ஒருவர் பெட்ரோ மார்ட்டினெஸ். ஆர்ட்டிஸ் உட்பட மூவரும் டொமினிக்கன் குடியரசில் பிறந்த கருநிறத்தார். ராபர்ட்ஸின் தந்தை கறுப்பர், தாய் ஜப்பானியர். 1945 ஏப்ரலில் ராபின்ஸனை ஆடவைத்து அனுப்பிவிட்ட அதே அரங்கில், அந்நாளில் வந்திருந்தால் இந்நால்வருள் ஒருவருக்கும் ஒப்பந்தம் கிடைத்திராது.

ராபர்ட்ஸ் 2016 முதல் டாட்ஜர்ஸ் மானேஜர். 2019-இல் 106 ஆட்டம் வென்று தந்தும் முதற் சுற்றிலேயே தோற்றபோது, பந்தெறிவோரை மாற்றத் தெரியாதவர் என்று அவரைத் தூற்றினர். 2020, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். இப்போது பந்தெறிவோரை மாற்றுவதில் அவரை மேதை என்று எழுதுகின்றனர்.